மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மக்கள் தொடர்பு: ஒரு வரலாறு

மைக்ரோசாஃப்ட், 1975இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் பில் கேட்ஸும் பால் ஆலனும் தொடங்கிய மென்பொருள் நிறுவனம். அதன் மக்கள் தொடர்பு வரலாறு ஒரு சண்டைக் கடிதத்தில் ஆரம்பிக்கிறது. ஆல்டேர் கணினிக்குத் தாங்கள் எழுதிய பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் பிரதியெடுத்துக்கொள்பவர்களைத் திருடர்கள் என்றே சாடி, 1976 பிப்ரவரியில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்குத் திறந்த மடல் ஒன்றை எழுதினார். ஆல்டேர் வைத்திருந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அதை விலை கொடுத்து வாங்கவில்லை என்பது அவர் சொன்ன கணக்கு. அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் வாடிக்கையாளரைத் திட்டும் அப்படியொரு மடலை எந்த மக்கள் தொடர்பு அலுவலரும் வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டார். அன்று அங்கே அப்படியொரு பதவியே இல்லை.

அந்தப் பதவிக்கு 1982இல் வந்தவர் பாம் எட்ஸ்ட்ராம். சில ஆண்டுகளுக்குள் அவர் வெளியேறி, மெலிசா வாகனரோடு சேர்ந்து வாகனர் எட்ஸ்ட்ராம் என்ற ஏஜென்சியை வளர்த்தார். அதற்கும் மைக்ரோசாஃப்டே முதன்மை வாடிக்கையாளர் என்பதால், வேலை மாறவில்லை, மேசைதான் மாறியது. மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத பொருள். அதை விற்க ஒரு முகம் வேண்டும். அந்த முகமாக மூக்குக்கண்ணாடி அணிந்த இளைஞர் கேட்ஸ் முன்நிறுத்தப்பட்டார். 1984 ஏப்ரலில் ‘டைம்’ இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டது. அதே காலத்தில் அழகுசாதனத் துறையிலிருந்து வந்து சேர்ந்த ரோலண்ட் ஹான்சன், பொறியாளர்கள் ‘இண்டர்ஃபேஸ் மேனேஜர்’ என்று அழைத்துவந்த மென்பொருளுக்கு ‘விண்டோஸ்’ என்ற பெயரே பொருத்தம் என்று வாதாடி வென்றார்.

பெயர் வந்துவிட்டது, பொருள் வரவில்லை. 1983 நவம்பரில் நியூயார்க்கில் ஆரவாரமாக அறிவிக்கப்பட்ட விண்டோஸ், கடைக்கு வந்தது 1985 நவம்பரில். இடைப்பட்ட இரண்டு ஆண்டும் பத்திரிகைகள் கேலி செய்தன. நிறுவனம் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியீட்டு விழாவையே தன்னைக் கிண்டலடிக்கும் நிகழ்ச்சியாக நடத்தி, வராத மென்பொருளை அறிவித்ததற்கான கேலிப் பரிசை கேட்ஸ் மேடையிலேயே வாங்கிக்கொண்டார். மைக்ரோசாஃப்டின் மக்கள் தொடர்பில் இதைவிடச் சாமர்த்தியமான மாலை வேறு இருக்குமா என்பது சந்தேகம். பத்தாண்டு கழித்து, 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானபோது எல்லாமே பிரம்மாண்டம்: மேடையில் ஜே லெனோ, விளம்பரத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு, விண்டோஸ் நிறங்களில் ஒளிர்ந்த எம்பயர் ஸ்டேட் கட்டடம், லண்டனில் அன்றைய ‘டைம்ஸ்’ நாளிதழ் எல்லோருக்கும் இலவசம்.

சரிவு நீதிமன்றத்தில் தொடங்கியது. 1998 மே மாதம் அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் ஏகபோக வழக்குத் தொடுத்தன. பதினைந்து ஆண்டுகளாகச் செதுக்கிய கேட்ஸின் முகமே அரசுத் தரப்புக்கு ஆயுதமானது. வீடியோவில் பதிவான வாக்குமூலத்தில், சாதாரணச் சொற்களுக்குக்கூட என்ன பொருளில் கேட்கிறீர்கள் என்று அவர் திரும்பத் திரும்ப வழக்கறிஞரை மடக்கினார். அது நீதிமன்றத்தில் ஓடியபோது நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சனே சிரித்துவிட்டார். 1999 பிப்ரவரியில் இன்னொரு அடி. அரசுத் தரப்பு நிபுணரின் நிரல், விண்டோஸைக் கெடுத்து மெதுவாக்குகிறது என்று காட்ட நிறுவனம் ஒரு வீடியோவைக் கொண்டுவந்தது. அந்த நிரலை ஓட்டியிருந்தால் சாளரத்தின் தலைப்புப் பட்டையில் எழுத்து மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அரசு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் படத்தை நிறுத்தி அதைச் சுட்டிக்காட்டினார். அது ஒரே கணினியில் ஒரே மூச்சில் எடுத்த படம் அல்ல என்பது அம்பலமானது.

இவற்றையாவது அசட்டுத்தனம் என்று தள்ளலாம். அதே ஆண்டுகளில் பின்புறம் நடந்தது வேறு ரகம். பல மாநிலங்களில் நிறுவனத்துக்கு ஆதரவான வாசகர் கடிதங்களும் கட்டுரைகளும் தாமாக எழுவதுபோல் வரவழைக்கும் திட்டம் ஒன்றை ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ 1998 ஏப்ரலில் வெளியிட்டது. அது வெறும் யோசனைதான் என்றது நிறுவனம். 1999 ஜூனில், 240 கல்வியாளர்கள் கையெழுத்திட, மைக்ரோசாஃப்டுக்கு ஆதரவாக இண்டிபெண்டன்ட் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வமைப்பு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அதற்குப் பணம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட்தான் என்பது செப்டம்பரில் வெளிவந்தது. 2001இல் மாநில அட்டர்னி ஜெனரல்களுக்குக் குடிமக்கள் பெயரில் மைக்ரோசாஃப்டை ஆதரித்துக் கடிதங்கள் குவிந்தன. வெவ்வேறு ஆட்களின் கடிதங்களில் அதே வாக்கியங்கள். யூட்டாவுக்கு வந்தவற்றில் இரண்டு, இறந்துபோனவர்கள் பெயரில் இருந்தன. அனுப்ப ஏற்பாடு செய்த அமைப்பு, மைக்ரோசாஃப்டிடம் நிதி பெற்றுவந்தது. கேட்ஸின் முரட்டு வாக்குமூலம் செய்ததைவிட இந்த இரண்டு கடிதங்கள் செய்த சேதம் அதிகம் என்றே கொள்ள வேண்டும். முரடன் பேச்சையாவது நம்பலாம். வேடிக்கை என்னவென்றால், நிறுவனத்தை இரண்டாகப் பிளக்கச் சொன்ன நீதிபதி ஜாக்சனும் பத்திரிகைத் தொடர்பில்தான் சறுக்கினார். வழக்கு நடக்கும்போதே செய்தியாளர்களிடம் ரகசியமாகப் பேசியதற்காக மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் அவரை வழக்கிலிருந்து நீக்கியது. பிளக்கும் ஆணையும் ரத்தானது.

2002இல் தலைமைச் சட்ட அலுவலரான பிராட் ஸ்மித் சமாதானமே வழி என்று வாதிட்டவர். ஏஓஎல் டைம் வார்னர், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தொடுத்த வழக்குகள் கோடிக்கணக்கான டாலரில் தீர்க்கப்பட்டன. 2004இல் பொறியாளர்களே கேமரா முன் பேசும் ‘சேனல் 9’ வந்தது. விமானி அறைப் பேச்சைப் பயணிகள் கேட்கும்படி யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானங்களில் இருந்த ஒலி அலைவரிசையின் எண் அது. இந்த வெளிப்படைத்தன்மை பற்றி எழுத ‘வயர்ட்’ இதழின் ஃபிரெட் வோகல்ஸ்டைன் வந்தபோதுதான் அந்தக் கூத்து நடந்தது. அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வாகனர் எட்ஸ்ட்ராம் தயாரித்த 13 பக்கக் குறிப்பு, 2007இல் தவறுதலாக அவருடைய மின்னஞ்சலுக்கே போய்விட்டது. அவர் யார் யாரைச் சந்தித்தார், கட்டுரை எந்தப் பக்கம் சாயலாம், கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பவர் என்பதால் பொறுமை வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. இதழ் அதை அப்படியே பதிப்பித்தது. அதில் பொய் எதுவும் இல்லை. மக்கள் தொடர்பு ஏஜென்சியின் அன்றாட வேலை எப்படிப்பட்டது என்று வெளியார் அறிய அதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது.

கூகுளைத் தாக்கிய ‘ஸ்க்ரூகுல்டு’ விளம்பரங்கள் (2012) பழைய சண்டைக் குணத்தின் மிச்சம். 2014இல் சத்ய நாதெள்ளா தலைமைக்கு வந்தபின் தொனி மாறியது. பெண்கள் சம்பள உயர்வு கேட்பது பற்றி அந்த அக்டோபரில் அவர் ஒரு மேடையில் சொன்ன பதில் கண்டனத்துக்குள்ளானது. தாம் சொன்னது முழுத் தவறு என்று அன்றைக்கே ஊழியர்களுக்கு எழுதினார். 2016இல் ‘டே’ என்ற அரட்டை நிரல் ஒரே நாளில் வசைபாடத் தொடங்கியபோதும், நிறுத்தம், மன்னிப்பு என்று வேகமாக முடிந்தது.

எனினும் அந்த வேகம் எல்லா இடத்திலும் இல்லை. 2023இல் சீனாவோடு தொடர்புடைய ஊடுருவிகள் அமெரிக்க அமைச்சர் ஒருவருடையது உட்பட 500க்கு மேற்பட்டோரின் மின்னஞ்சலை மைக்ரோசாஃப்டின் திறவுகோல் ஒன்றைக் கொண்டு படித்தார்கள். அந்தத் திறவுகோல் எப்படித் திருடுபோனது என்று செப்டம்பரில் நிறுவனம் வெளியிட்ட விளக்கம் சரியல்ல என்பது பின்னர் அதற்கே தெரிந்தது. திருத்தம் வந்தது 2024 மார்ச் 12 அன்று. அதுவும் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் பலமுறை கேட்ட பிறகு. ஏப்ரலில் வெளியான வாரிய அறிக்கை, ஊடுருவலைத் தடுக்கத் தவறியதோடு இந்தத் தாமதத்தையும் நிறுவனத்தின் குற்றங்களில் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறது.