ஒழுங்கைகள் கூறும் வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அரண்மனைகளையும் கோட்டைகளையுமே நாடுவர். அவை ஆண்டோரின் வரலாற்றைக் கூறுவன. அந்நகரம் நவீன காலத்தினுள் எவ்வாறு புகுந்தது, அதனால் எவர் பயன்பெற்றனர் என்னும் வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், மக்கள் குடியிருந்த ஒழுங்கைகளுக்குள் நாம் செல்லுதல் வேண்டும். சீனத் தலைநகராகிய பெய்ஜிங் இதற்குத் தக்க சான்றாகும்.

1267 இல் குப்ளாய்கான் இங்கு புதிய தலைநகரை அமைக்கத் தொடங்கிய காலம் முதலாக, 'ஹூத்தோங்' எனப்படும் ஒழுங்கைகள் இந்நகர வாழ்வின் அடிப்படையாக இருந்து வந்துள்ளன. அவற்றின் இருமருங்கும் நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றவீடுகள் எழுந்தன. தெற்கு நோக்கிய, வெயில் நன்கு படும் அறை குடும்பத்து மூத்தோருக்குரியது. தெருவை அடுத்த வெளிச்சங் குன்றிய அறைகளிலே வேலையாட்கள் தங்கினர். நிலமானிய சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு வீட்டின் அமைப்பிலேயே பதிந்திருந்தது.

ஏழைகளின் குடியிருப்புகளோ வேறு. விண்ணகக் கோயிலுக்கு அண்மையில் 'டிராகன் மீசை' என்னும் அழகிய பெயர் பூண்ட வாய்க்கால் ஒன்று ஓடியது. உண்மையில் அது திறந்த சாக்கடை. மழை பெய்தால் குடிசைகளுக்குள் பாய்ந்தது. புரட்சிக்கு அடுத்த ஆண்டாகிய 1950 இல், புதிய நகராட்சி மேற்கொண்ட முதற்பணிகளுள் ஒன்று அவ்வாய்க்காலைச் சீர்செய்தமையாகும். அம்மாற்றத்தையே பொருளாகக் கொண்டு, அவ்வாய்க்காலின் பெயரால் லாவோ ஷே எழுதிய நாடகம் 1951 இல் மேடையேறியது. நவீனமயமாக்கம் என்பது அம்மக்களுக்கு அகன்ற வீதியன்று, காலடியில் நாற்றமின்மையே.

அதே 1950 இல் கட்டடக்கலை அறிஞர் லியாங் சிசெங், நகரத் திட்டவியலாளர் சென் சான்சியாங்குடன் இணைந்து, அரசாங்க அலுவலகங்களைப் பழைய நகரத்துக்கு மேற்கே அமைக்குமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. நகரமதில் படிப்படியாக இடிக்கப்பட்டது. 1965 இல் தொடங்கிய சுரங்க ரயில்பாதை, பெரும்பாலும் மதிலின் தடத்தையே பின்பற்றியது. சனத்தொகை பெருக, ஒரு குடும்பம் வாழ்ந்த முற்றவீட்டிற் பல குடும்பங்கள் குடியேறின. 1976 இன் தாங்ஷான் நிலநடுக்கத்தின்பின் முற்றங்களில் எழுந்த தற்காலிகக் கொட்டில்கள் பல அப்படியே நிலைத்துவிட்டன. முன்பு சிலருக்கே உரியதாயிருந்த வீட்டிற் பலர் இடம்பெற்றனர். ஆனால் தண்ணீர்க் குழாயும் மலகூடமும் பொதுவாகவே இருந்தன.

இந்நெருக்கடிக்குத் தீர்வு காண முயன்றவர் வூ லியாங்யோங். ஜூஅர் ஒழுங்கையிலே, முற்றத்தின் பண்பு கெடாத வகையில், அவர் திட்டமிட்ட மாடிக் குடியிருப்புகளின் முதற்கட்டம் 1990 இல் நிறைவுற்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறையும் குளியலறையும் கிடைத்தன. எனினும், விலை கொடுக்க இயலாத பழைய குடிகளுட் பலர் அங்கு திரும்பவில்லை. 1990களில் நிலம் விலைப்பொருளாகிய பின்னர், எண்ணற்ற ஒழுங்கைகள் அழிந்தன. அங்கு வாழ்ந்தோர் புறநகருக்கு அனுப்பப்பட்டனர். 1930களில் லியாங் வாழ்ந்த வீடுகூட 2012 இல் தகர்க்கப்பட்டது.

பழமையைப் பேணுவதென்ற பெயரால் மக்களை ஒழுகும் கூரையின்கீழ் இருத்துதல் நியாயமன்று. புதுமையின் பெயரால் அவர்களைப் பிறந்த ஒழுங்கையிலிருந்து துரத்துதலும் நியாயமன்று. பழைய குடிமகன் தன் ஒழுங்கையிலேயே நல்ல தண்ணீரும் வெளிச்சமும் பெற்று வாழ்கின்றானா? எந்நகரத்தின் முன்னேற்றத்தையும் நாம் இவ்வினாவைக் கொண்டே அளத்தல் வேண்டும்.