செமஸ்டர் தொடங்கும் முன்பே டென்ஷன்: கல்லூரிகளில் பாடப் பதிவு ஏன் இவ்வளவு பதற்றம் தருகிறது?

காலை 10 மணிக்கு போர்ட்டல் திறக்கும் என்று அறிவிப்பு. 9.55-க்கே லாகின் செய்து, பாடக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மாணவர்கள் காத்திருப்பார்கள். 10 மணி ஆனதும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவழியாகத் திறந்தால், கேட்ட பாடத்துக்கு நேரே காலி இடம் 0. அடுத்த நிமிடமே வாட்ஸ்ஆப் குரூப்பில் மெசேஜ்கள்: "கிடைச்சுதா?", "எனக்குப் போச்சு", "யாராவது டிராப் பண்றீங்களா?"

தத்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. ஆனால் தத்கல் போனால் பஸ்ஸில் ஊருக்குப் போய்க்கொள்ளலாம். ஒரு பாடத்தில் இடம் போனால், அதே பாடம் மறுபடி வர சில சமயம் ஒரு வருடம் ஆகும்.

இன்று வேலையில் இருக்கும் பலர், கல்லூரி கொடுத்த டைம்டேபிளை அப்படியே படித்து முடித்தவர்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ "சீட் கிடைக்கல" என்று புலம்பினால், "காலேஜ்லதான் சேர்ந்தாச்சே, இன்னும் என்ன சீட்டு?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முன்பு இல்லாத பிரச்னை இப்போது ஏன்?

முன்பெல்லாம் பெரும்பாலான இந்தியப் பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடம், எந்த ஆசிரியர், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் துறையே முடிவு செய்துவிடும். மாணவருக்குத் தேர்வு இல்லை. அதனால் போட்டியும் இல்லை.

2015-ல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி, விருப்பப் பாடத் தேர்வு முறையைப் பரவலாக்கியது. சி.பி.சி.எஸ் என்று சொல்கிறோமே, அதுதான். 2020 ஜூலையில் வந்த தேசியக் கல்விக் கொள்கை இதை இன்னும் விரிவாக்கியது. 2022 டிசம்பரில் யு.ஜி.சி வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 160 கிரெடிட் தேவை.

கிரெடிட் கணக்கு எளிமையானது. ஒரு செமஸ்டரில் 15 மணி நேர வகுப்பு என்றால் 1 கிரெடிட். செய்முறை வகுப்பு என்றால் 30 மணி நேரத்துக்கு 1 கிரெடிட்.

இதன் தாக்கத்தை டெல்லி பல்கலைக்கழகத்தில் பார்க்கலாம். அங்கு 2022-23 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டத்தில், முதல் செமஸ்டருக்கு 22 கிரெடிட். இதில் 12 கிரெடிட், அதாவது 3 பாடங்கள், சொந்தத் துறையில் கட்டாயம். மீதி 10 கிரெடிட்டை வேறு துறையின் பொது விருப்பப் பாடம், மொழிப் பாடம், திறன் வளர்ப்புப் பாடம், மதிப்புக்கூட்டுப் பாடம் ஆகிய பட்டியல்களிலிருந்து நிரப்ப வேண்டும். பல்கலைக்கழகப் பட்டியல் நீளமானது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தன்னிடம் ஆசிரியர் இருக்கும் பாடங்களை மட்டுமே நடத்த முடியும். பட்டியலில் இருப்பது எல்லாம் உங்கள் கல்லூரியில் கிடைக்கும் என்று இல்லை.

வேலூர் வி.ஐ.டி-யில் உள்ள எஃப்.எஃப்.சி.எஸ் முறையில் இன்னும் ஒரு படி அதிகம். பாடத்தை மட்டுமல்ல, நேர ஸ்லாட்டையும் ஆசிரியரையும் மாணவரே தேர்வு செய்கிறார். ஏ1, பி2 என்று பெயரிடப்பட்ட ஸ்லாட்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் வாரம் முழுவதையும் அடுக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு நினைத்த ஸ்லாட் போனால், சீட்டுக்கட்டு கோபுரம் மாதிரி மொத்த டைம்டேபிளும் சரியும். இதற்காகவே மாணவர்கள் தாங்களாகவே டைம்டேபிள் போட்டுப் பார்க்கும் இணையக் கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இடம் கொடுத்தால் என்ன?

பாடத்துக்கு எத்தனை இடம் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வகுப்பறை, ஆசிரியர், ஆய்வகம். 40 கணினி உள்ள லேபில் 80 பேரை உட்கார வைக்க முடியாது.

இதோடு தேவை சமமாகப் பரவுவதும் இல்லை. வேலைவாய்ப்புக்கு உதவும் என்று பேசப்படும் பாடங்கள், மதிப்பெண்ணை தாராளமாகப் போடுவார் என்று பெயர் வாங்கிய ஆசிரியர்கள், காலை 8 மணி அல்லாத ஸ்லாட்டுகள் ஆகிய மூன்றின் பக்கம்தான் கூட்டம் போகும். மொத்தத்தில் எல்லோருக்கும் போதுமான இடம் இருந்தாலும், எல்லோரும் கேட்கும் இடம் எப்போதும் பற்றாக்குறைதான்.

எனவே எல்லாக் கல்லூரிகளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: 60 இடத்துக்கு 90 பேர் வந்தால், யாருக்குக் கொடுப்பது?

சீட் யாருக்கு: நடைமுறையில் உள்ள நான்கு வழிகள்

முதல் வழி, முந்துபவருக்கே முன்னுரிமை. கல்லூரிக்கு இது ரொம்ப எளிது. ஆனால் இங்கே ஜெயிப்பது படிப்பில் ஆர்வம் உள்ளவர் என்பதைவிட, நல்ல இணைய இணைப்பு உள்ளவர். பதிவு பெரும்பாலும் விடுமுறையில் நடக்கிறது. நகரத்தில் ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்திருப்பவரும், கிராமத்தில் மொட்டை மாடியில் மொபைல் டேட்டா தேடுபவரும் ஒரே பந்தயத்தில் ஓடுகிறார்கள்.

இரண்டாவது, குலுக்கல். பிட்ஸ் பிலானியில் மாணவர்களுக்கு ஒரு முன்னுரிமை எண் கொடுக்கப்படும். அந்த வரிசைப்படி பதிவு நடக்கும். இணைய வேகத்துக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் எண் கடைசியில் வந்தவருக்கு எல்லாப் பாடத்திலும் கடைசி இடம்தான்.

மூன்றாவது, சி.ஜி.பி.ஏ அடிப்படை. உழைப்புக்குக் கிடைத்த பரிசு என்று இதை ஆதரிப்பவர்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், மதிப்பெண் குறைந்தவருக்கு யாரும் விரும்பாத பாடங்களே மிஞ்சும். அதில் ஆர்வம் இல்லாமல் படித்து மறுபடியும் மதிப்பெண் குறையும். அடுத்த செமஸ்டரில் வரிசையில் இன்னும் பின்னால் போவார்.

நான்காவது, ஏலம். ஹைதராபாத் ஐ.எஸ்.பி போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் இது நடைமுறை. வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ போக நினைப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் கிடைக்கும். வேண்டிய பாடத்துக்குப் புள்ளிகளை வைத்து ஏலம் கேட்க வேண்டும். எது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல இதில் வழி இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் எவ்வளவு வைப்பார்கள் என்று கணிக்கும் சூதாட்டமும் சேர்ந்தே வருகிறது.

எந்த முறை நியாயமானது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 மாணவர்கள், எல்லோருக்கும் பிடித்த 2 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 50 இடம்.

வரிசை எண் முறையில், முதல் 50 பேர் இரண்டு பாடங்களையும் எடுத்துக்கொள்வார்கள். மீதி 50 பேருக்கு இரண்டுமே கிடைக்காது. இதையே சுற்று முறையில் செய்தால், முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு பாடம்தான் எடுக்கலாம். 100 பேருக்கும் பிடித்த பாடம் ஒன்றாவது கிடைத்துவிடும். அதே மாணவர்கள், அதே இடங்கள். மாறியது விதி மட்டும்தான்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் இப்படியான சுற்று முறை உண்டு. முதல் சுற்றில் கடைசியாக வந்தவர் அடுத்த சுற்றில் முதலில் தேர்வு செய்வார். பொருளாதார அறிஞர்கள் எரிக் புடிஷ், எஸ்டெல் கான்டியோன் இருவரும் இதை ஆராய்ந்து 2012-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மாணவர்கள் தங்கள் உண்மையான விருப்பத்தை மறைத்து, சீக்கிரம் நிரம்பும் பாடத்தை மேலே போட்டு விளையாடுகிறார்கள் என்றும், அதனால் இழப்பு ஏற்படுகிறது என்றும் கண்டறிந்தார்கள். அப்படியிருந்தும், ஒரே வரிசையில் எல்லாவற்றையும் எடுக்கும் முறையைவிட இது மேல் என்பது அவர்களின் முடிவு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் ஸ்கூல், 2013-ல் தன் பழைய ஏல முறையைக் கைவிட்டு 'கோர்ஸ் மேட்ச்' என்ற முறைக்கு மாறியது. மாணவர்கள் எந்தப் பாடம் எவ்வளவு பிடிக்கும் என்று மதிப்பு மட்டும் கொடுப்பார்கள். யாருக்கு எந்தத் தொகுப்பு என்பதைக் கணினி கணக்கிடும். யார் முதலில் கிளிக் செய்தார் என்பதற்கு இதில் இடமே இல்லை.

இங்கும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. கிரெடிட் வரம்பு, ஸ்லாட் மோதல், வகுப்பின் கொள்ளளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பாடங்களை ஒதுக்கும் முறைகளைப் பற்றி சென்னை ஐ.ஐ.டி ஆய்வாளர்கள் 2019-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

ஒரு பாடம் போனால் என்ன நஷ்டம்?

பிடித்த எலெக்டிவ் போனால் வருத்தம்தான். ஆனால் முன்தேவைப் பாடம் போனால் நிலைமை வேறு. ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்ததை எடுக்கலாம் என்ற சங்கிலியில் முதல் கண்ணி விட்டுப்போனால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே தள்ளிப்போகும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடத்தப்படும் பாடம் என்றால் முழு வருடம் போகும்.

மைனர் பட்டம் எடுக்க நினைப்பவருக்கு அந்தக் கணக்கு உதைக்கும். கடைசி செமஸ்டரில் 2 கிரெடிட் குறைந்தாலும் பட்டம் கையில் வராது. கையில் வேலைக்கான ஆஃபர் லெட்டர் இருக்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வேலையில் சேர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்விக் கடனில் படிப்பவருக்கு ஒரு செமஸ்டர் நீள்வது பணக் கணக்கும்கூட.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கல்லூரியில் மேலே சொன்ன நான்கில் எது என்று தெரிந்தால் தயாராகும் விதமே மாறும். முந்துபவருக்கு முன்னுரிமை என்றால் எந்தப் பாடத்தை முதலில் கிளிக் செய்வது என்பதே எல்லாம். விருப்ப வரிசையை வாங்கிக்கொண்டு குலுக்கல் போடும் இடத்தில், 10 மணிக்கே சமர்ப்பிப்பதற்கும் கடைசி நாளில் சமர்ப்பிப்பதற்கும் வித்தியாசம் இல்லை. நிம்மதியாக யோசித்துப் போடலாம்.

எத்தனை கிரெடிட் பாக்கி என்று வகை வாரியாக எழுதுங்கள். கட்டாயப் பாடம், துறை எலெக்டிவ், பொது எலெக்டிவ் என்று தனித்தனியாக. மொத்தம் சரியாக இருந்து ஒரு வகையில் குறைவதுதான் கடைசி வருடத்தில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம்.

எளிதில் நிரம்புவதை முதலில் எடுங்கள். பிடித்த பாடம் எது என்பதைவிட, எது போனால் திரும்பக் கிடைக்காது என்று பாருங்கள். ஒரே ஒரு செக்‌ஷன் உள்ள பாடம் முதலில், ஐந்து செக்‌ஷன் உள்ள பாடம் கடைசியில்.

மூன்று டைம்டேபிள் தயாராக இருக்கட்டும். முதல் திட்டம் உடைந்தால் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. ஸ்லாட் மோதாத இரண்டாவது, மூன்றாவது திட்டங்களை முந்தின நாளே போட்டு வையுங்கள்.

தடைகளை ஒரு வாரம் முன்பே நீக்குங்கள். கட்டணப் பாக்கி, நூலக அபராதம், ஆலோசகரின் ஒப்புதல், அரியர் விதிகள் ஆகியவற்றால் போர்ட்டல் பூட்டப்பட்டிருப்பது பதிவு நாளன்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பதிவு முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'சேமி' வேறு, 'சமர்ப்பி' வேறு. பின்னால் புகார் செய்ய ஆதாரம் வேண்டும்.

முதல் நாளே முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பல கல்லூரிகளில் செமஸ்டர் தொடக்கத்தில் பாடம் சேர்க்கவும் விடவும் அவகாசம் உண்டு. அப்போது பலர் பாடத்தைக் கைவிடுவதால் இடங்கள் காலியாகும். அந்த நாட்களில் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வகுப்பில் உட்கார்ந்து வந்தால், இடம் கிடைக்கும்போது பாடம் பின்தங்காது.

வெளியிலிருந்து கிரெடிட் எடுக்க முடியுமா?

முடியும். 2017-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஆன்லைனில் படித்துத் தேர்வு எழுதலாம். 2021 யு.ஜி.சி விதிகளின்படி, ஒரு செமஸ்டரில் நடத்தப்படும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாம். கிரெடிட்டுகளைச் சேமிக்க அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் இருக்கிறது. அதில் உள்ள கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை செல்லும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஸ்வயம் பாடம் உங்கள் பாடத்துக்கு ஈடானது என்று உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ள வேண்டும். படித்து முடித்துவிட்டுக் கேட்காமல், சேரும் முன்பே துறையிடம் எழுத்து வடிவில் ஒப்புதல் வாங்குங்கள்.

கல்லூரிகள் பக்கம் என்ன மாறலாம்?

சில மாற்றங்களுக்குப் பெரிய செலவு இல்லை. எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முந்தைய செமஸ்டரிலேயே விருப்பம் கேட்டால், எங்கே கூடுதல் செக்‌ஷன் வேண்டும் என்று தெரியும். இறுதியாண்டு மாணவர்களுக்குத் தனி நேரமோ தனி இடங்களோ ஒதுக்கலாம். காலியாகும் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குத் தானாகவே போகும்படி வைத்தால், இரவு முழுக்க பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்துகொண்டிருக்கும் அவஸ்தை தீரும். எந்த அடிப்படையில் இடம் தரப்படுகிறது என்பதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்கலாம்.

அதுவரை, பட்டம் தள்ளிப்போகும் அளவுக்கு ஒரு பாடம் கிடைக்காமல் போனால் வாட்ஸ்ஆப் புலம்பலோடு நிறுத்த வேண்டாம். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட் பாக்கி, எந்த செமஸ்டரில் பட்டம் முடிய வேண்டும் என்ற மூன்றையும் நாலு வரியில் எழுதித் துறைத் தலைவருக்கு அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். அவகாசம் முடிந்த பிறகு அனுப்பும் நீண்ட கடிதத்தைவிட அந்த நாலு வரிக்குத்தான் பலன் அதிகம்.