கல்லீரல் தட்டைப்புழு நோயறிதலின் வரலாறு

கல்லீரல் தட்டைப்புழு (ஃபேசியோலா) ஆடு, மாடு, எருமைகளின் பித்தநாளங்களில் வாழும் ஒட்டுண்ணியாகும். இந்தியச் சமவெளிகளில் மிகுதியாகக் காணப்படுவது ஃபேசியோலா ஜைஜான்டிகா என்னும் பெரிய இனம். காரமடையைச் சுற்றிலும் மானாவாரிக் காடுகள்; வடக்கே மேட்டுப்பாளையத்தில் பவானி ஆறு. இந்தப் புழுவுக்கு வறண்ட காடு ஆகாது. தேங்கிய நீரும் லிம்னேயா நத்தையும் வேண்டும். எனவே குளத்தோரமும் வாய்க்கால் கரையுமே ஆபத்தான மேய்ச்சல் இடங்கள்.

1379-இல் பிரான்சில் ழான் டி பிரீ, ஐந்தாம் சார்லசு மன்னருக்காக எழுதிய ஆடு வளர்ப்பு நூலில் இந்நோயைக் குறிப்பிட்டார். 1758-இல் லின்னேயசு இதன் சிறிய இனத்துக்கு ஃபேசியோலா ஹெபாட்டிகா எனப் பெயரிட்டார். பெரிய இனத்தை 1855-இல் காபோல்டு விவரித்தார். 1879–80 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் சுமார் 30 இலட்சம் செம்மறிகள் மடிந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அந்த இழப்பே தாமசை ஆய்வில் இறக்கியது. செருமனியில் லாய்க்கார்ட்டும் தனியே உழைத்தார். 1880-களின் தொடக்கத்தில் நத்தை வழியான வாழ்க்கைச் சுழற்சி தெளிவாயிற்று. இந்தியாவில் பாலேராவ் 1935-இல் வெளியிட்ட கால்நடை ஒட்டுண்ணிகள் பற்றிய நூல் நெடுநாள் கைநூலாக இருந்தது.

நோயை உறுதிசெய்யச் சாணத்தைக் கரைத்து, படிய வைத்து, நுண்நோக்கியில் முட்டை தேடுவதே பழைய முறை. இதன் குறை பெரியது. புழு முதிர்ந்து முட்டையிட மூன்று மாதம் போல ஆகும். அதற்குள் இளம்புழுக்கள் ஈரலைத் துளைத்துச் சேதப்படுத்திவிடும். தாடை வீங்கிய பின் மருந்து கொடுப்பது காலம் கடந்த வேலைதான்.

இங்கேதான் ஆக்சிசனேற்ற எதிர்ப்புப் புரதங்கள் வருகின்றன. விலங்கின் வெள்ளணுக்கள் ஐதரசன் பெராக்சைடைப் பொழிந்து புழுவைத் தாக்கும். அதை உடைக்கும் கேட்டலேசு நொதி தட்டைப்புழுவிடம் இல்லை. அதற்கு மாற்றாகப் பெராக்சிரெடாக்சின் உள்ளது. அதற்குத் தயோரெடாக்சின் துணை. தயோரெடாக்சினை மீட்டெடுக்க, விலங்குகளில் தனித்தனியாக இருக்கும் இரு நொதிகளின் வேலையைத் தட்டைப்புழுவில் ஒரே நொதி செய்கிறது. 1997-இல் ஹெபாட்டிகாவின் பெராக்சிரெடாக்சின் மரபணு படியெடுக்கப்பட்டது. புழு இப்புரதத்தை வெளியேயும் சுரக்கிறது. அது விலங்கின் பெருவிழுங்கு அணுக்களின் போக்கையே மாற்றுவதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஜைஜான்டிகாவின் இத்தகைய நொதிகளை ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்துள்ளது.

வெளியே சுரக்கும் புரதத்துக்கு எதிராக விலங்கு எதிர்ப்பொருள் உருவாக்கும். அதை இரத்தத்தில் கண்டால் முட்டைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இப்புரதங்கள் மற்றத் தட்டைப்புழுக்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், வேறு புழு தாக்கிய மாடும் நோயுள்ளதாகத் தோன்றலாம். புழு செத்த பின்னும் எதிர்ப்பொருள் சில மாதம் நிற்கும். இதனால் சோதனைகளில் கதெப்சின் எல் என்னும் புரதமே இன்றும் முன்னிற்கிறது; பெராக்சிரெடாக்சின் குடும்பம் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே இருக்கிறது. மேய்ச்சல்காரருக்கு இன்றும் பல வேளைகளில் நோய் தெரியவருவது கறிக்கடையில் ஈரலை அறுக்கும்போதுதான்.