படிக்கப் போனவர்கள் பார்த்தது

‘ஊர்சுற்றி’ என்று ஆணைச் சொன்னால் அதில் பாதி செல்லம் இருக்கிறது. பெண்ணைச் சொன்னால் அது வசை. ஏ.கே. செட்டியாரை ‘உலகம் சுற்றிய தமிழன்’ என்று பெருமையோடு அழைத்தோம். 1973இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. இந்தத் தொடர்களைப் பெண்பாலுக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தயங்கும்.

இந்தத் தயக்கத்துக்கு இலக்கணமும் துணை நிற்கிறது. பெண்ணோடு கடல்வழிப் பயணம் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். ஊர் ஊராக நடந்தவள் என்று நாம் கொண்டாடும் ஔவையைப் பற்றிய கதையோ வேறொன்றைச் சொல்கிறது: திருமணத்திலிருந்து தப்ப, இளம்பெண்ணாக இருந்தபோதே முதுமையை வேண்டிப் பெற்றுக்கொண்டாள். காரைக்காலம்மையாரும் தசையை உதறிப் பேயுருக் கொண்ட பிறகே கயிலைக்குப் புறப்படுகிறார். நம் மரபு பெண்ணுக்கு வழியை முற்றாக அடைத்துவிடவில்லை; ஆனால் சுங்கமாக அவள் இளமையை வாங்கிக்கொள்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியப் பெண்கள் சிலர் அந்தச் சுங்கத்தைக் கட்டாமல், இளமையோடும் உடலோடும் கடல் தாண்டினார்கள். படிப்பதற்காகப் போனார்கள். தோரு தத் 1871க்குப் பின் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான உயர்கல்விச் சொற்பொழிவுகளைக் கேட்டார். சரோஜினி 1895இல், பதினாறு வயதில், ஐதராபாத் நிஜாமின் உதவித்தொகையில் சென்றார். வரலாறு இவர்களுடைய பட்டங்களையும் ‘முதல் பெண்’ என்ற அடைமொழிகளையும் குறித்து வைத்திருக்கிறது. வகுப்பு முடிந்த மாலையில் அவர்கள் எங்கே போனார்கள், எதைப் பார்த்தார்கள் என்பதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டது. அவர்கள் கல்வியில் பாதி அங்கேதான் நடந்தது என்பது என் எண்ணம்.

கார்னேலியா சொராப்ஜியை எடுத்துக்கொள்வோம். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. மதிப்பெண்படி அவருக்கு வர வேண்டிய இங்கிலாந்து உதவித்தொகை, பெண் என்பதால் மறுக்கப்பட்டது. ஆங்கிலேயப் பெண்கள் சிலர் நிதி திரட்ட, 1889இல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார். 1892இல் சிறப்பு அனுமதியோடு சட்டத் தேர்வு எழுதினார். பட்டத்தை 1922 வரை தரவில்லை. அன்றைய ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலேய மாணவிகளுக்கே ஆண்களின் கல்லூரியில் நடக்கும் வகுப்புக்குப் போக ஒரு துணைப்பெண் தேவைப்பட்டது. நூலகக் கதவு பெண்ணுக்கு எப்படி மூடிக்கொள்கிறது என்பதை வர்ஜீனியா உல்ஃப் ‘தனக்கென ஓர் அறை’யில் எழுதியது 1929இல். ஆக, நம் பெண்கள் சுதந்திர பூமி ஒன்றுக்குப் போய் இறங்கவில்லை. வேறு வகைப் படிதாண்டாமையைத்தான் அங்கே சந்தித்தார்கள்.

இந்திய மாணவர்களை ‘வெளியே அழைத்துச் செல்வது’ அங்கே அமைப்பாகவே நடந்தது. 1870இல் மேரி கார்பென்டர் பிரிஸ்டலில் தொடங்கிய தேசிய இந்தியச் சங்கம் பின்னர் லண்டனுக்கு மாறியது. எலிசபெத் மேனிங் என்ற பெண்மணி பல ஆண்டுகள் அதன் செயலாளர். மாலைக் கூடுகைகள், பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பயணங்கள், ஆங்கிலேயக் குடும்பங்களோடு அறிமுகம் எனச் சங்கம் ஏற்பாடுகள் செய்தது. ஊர் தெரியாத பிள்ளைகளுக்கு அது உண்மையான ஆதரவு. அதே நேரத்தில் இங்கிலாந்தின் நல்ல முகத்தை மட்டும் காட்டும் ஏற்பாடும்கூட. 1907இல் இந்திய மாணவர்களைப் பற்றி விசாரிக்க லீ வார்னர் தலைமையில் குழு அமைந்தது. 1910 முதல் குரோம்வெல் சாலை 21ஆம் எண் கட்டடத்தில் சங்கமும், மாணவர்களுக்கான அரசுத் தகவல் அலுவலகமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. மாணவர்கள் அந்தக் கட்டடத்தைச் சந்தேகத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. விருந்தோம்பலும் கண்காணிப்பும் ஒரே வாசல் வழியாக வருவது பெண்களுக்குப் புதிதல்ல. நம் வீடுகளில் நாம் பழகியதுதான்.

காட்டியதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்களா இந்தப் பெண்கள்? இல்லை என்பதற்கு அதியா ஃபைஸி சாட்சி. பம்பாயின் தயாப்ஜி உறவுக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், ஆசிரியப் பயிற்சிக்கு அரசு உதவித்தொகை பெற்று 1906இல் லண்டன் சென்றார். கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதித் தம் சகோதரிக்கு அனுப்பினார். முஹம்மதி பேகம் முதல் ஆசிரியராக இருந்த லாகூர் பெண்கள் இதழான ‘தஹ்ஸீபுன் நிஸ்வா’னில் அவை தொடராக வந்தன, 1921இல் நூலாயின. அதியா பயிற்சியை முடிக்கவில்லை, பாதியில் திரும்பிவிட்டார். பட்டக் கணக்கில் பார்த்தால் அவர் தோற்றவர். ஆனால் வீட்டுக்குள் இருந்த எத்தனையோ உருதுப் பெண்கள் அவர் கண்வழியே லண்டனைப் பார்த்தார்கள். ஒருத்தியின் உலா ஓர் இதழ் வழியே பலருடைய உலாவாகியது.

பார்வையின் திசை மாறியதுதான் இதில் முக்கியம். எங்கள் பக்கத்தில் பாளையங்கோட்டையில் 1895இல் உருவான பெண்கள் கல்லூரிக்கு சாராள் தக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பெயர். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இங்கிலாந்தில் இருந்தபடியே தென்னிந்தியாவைப் பற்றி எழுதினார். அப்படி நம்மைப் பற்றி அவர்கள் எழுதிய காலத்தில், கணவரோடு இங்கிலாந்து சென்ற கிருஷ்ணபாபினி தாஸ் 1885இல் ஆங்கிலேயரைப் பற்றி வங்காளத்தில் ஒரு நூல் எழுதினார். ஆசிரியர் பெயர் இல்லாமல் அது வெளிவந்தது.

பண்டித ரமாபாயின் கதை இன்னும் வலுவானது. 1883இல் இங்கிலாந்து போய், செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டும் கற்பித்துக்கொண்டும் இருந்தார். 1886இல் ஆனந்திபாய் ஜோஷி ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவப் பட்டம் பெறுவதைப் பார்க்கக் கப்பலேறினார். ஒரு விழாவுக்குப் போனவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவைச் சுற்றினார்: மழலையர் கல்வி கற்றார், மேடைகளில் பேசினார், நிதி திரட்டினார். திரும்பி வந்து 1889 மார்ச்சில் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் திறந்தார். அமெரிக்கா பற்றி மராத்தியில் எழுதிய நூலும் அதே ஆண்டு வெளியானது. ‘போன வேலையை முடித்துக்கொண்டு உடனே திரும்பு’ என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காததால் கிடைத்தது அந்த இல்லம்.

தமிழ்நாட்டிலிருந்து முத்துலட்சுமி ரெட்டி 1925இல் அரசு உதவித்தொகையில், பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சிக்காக லண்டன் போனார். அதற்குச் சற்று முன்புதான் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார். அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையைப் போய்ப் பார்த்தார். 1926இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஊர் திரும்பியதும் சென்னை சட்டமன்றத்தில் நுழைந்தார். 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் எழுந்தது.

இவர்கள் எல்லோரும் சாதியாலோ வசதியாலோ மதத் தொடர்பாலோ ஏதோ ஒரு கதவு முன்பே திறந்திருந்தவர்கள் என்பதை மறைக்கக் கூடாது. அதே கடல்வழியில் வெள்ளைக்காரக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆயாக்களும் போனார்கள். லண்டன் போய்ச் சேர்ந்ததும் வேலையும் திரும்பும் செலவும் இல்லாமல் கைவிடப்பட்டவர்கள் அவர்களில் பலர். அவர்கள் தங்கிய ஆயாக்கள் இல்லம் ஒன்று ஹாக்னியில் இருந்தது; அந்தக் கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை வைத்தார்கள். அவர்களும் லண்டனைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததைக் கேட்டு எழுதத்தான் ஓர் இதழ் இல்லை.

இன்று எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளும் இங்கிலாந்தில் படிக்கும் கனவோடு இருக்கிறார்கள். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் மாதங்களில் எங்கிருந்தோ எல்லாம் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1992இல் வந்த ‘ரோஜா’வின் நாயகிக்கு இதுதான் ஊர். அந்தப் பெண் காஷ்மீர் வரை போகிறாள், கணவனின் வேலைக்காக. குற்றாலம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அருவிக்கரையில் பெண்களுக்குத் தனி இடம் கம்பி கட்டிப் பிரித்திருக்கிறது. இருந்தும், வகுப்புத் தோழிகள் நான்கு பேர் தாங்களாகச் சாரலில் நனைந்துவிட்டு வருவது எத்தனை வீடுகளில் எளிதாக நடக்கும்? விடுதிப் பதிவேட்டில் எங்கே, எதற்கு, யாரோடு என்று மூன்று கட்டங்கள். கல்விச் சுற்றுலா என்றாலும் அப்பாவின் கையெழுத்து வேண்டும். ‘படிக்கத்தானே போறே, சுத்தவா போறே?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் பெயரை அடித்துவிட்டுப் போகும் மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சுற்றவும்தான். அதியாவும் ரமாபாயும் முத்துலட்சுமியும் கொண்டுவந்ததில் பாதி, பாடத்திட்டத்தில் இல்லாதது. நீங்கள் பார்க்கப் போகும் ஊர் லண்டனாக இருந்தாலும் தென்காசிக் கோபுர வாசலாக இருந்தாலும், போய்வந்து எழுதி வையுங்கள். போக முடியாத ஒருத்தி அதைப் படிக்கக் காத்திருக்கிறாள்.