ராணுவத்தை அடக்கும் ராணுவம்

நோய் எதிர்ப்பு மண்டலத்தை எல்லையில் நிற்கும் ராணுவம் என்றுதான் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கிருமி வந்தால் சுடும். சரி, அந்த ராணுவம் சொந்த ஊருக்குள்ளேயே சுட ஆரம்பித்தால் யார் தடுப்பது? இதற்கு விடை கிடைக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. நடுவில் ஒருமுறை சரியான விடை கையில் கிடைத்தும் தூக்கி எறிந்துவிட்டார்கள்!

1900-ம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் பால் எர்லிக் ஒரு சோதனை செய்தார். ஓர் ஆட்டுக்கு வேறோர் ஆட்டின் ரத்தத்தைச் செலுத்தினால், அந்தச் சிவப்பணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் உண்டாகியது. தன் சொந்த ரத்தத்தையே செலுத்தினால் உண்டாகவில்லை. உடல் தன்னையே தாக்க அஞ்சுகிறது என்றார் அவர். எப்படி என்பதுதான் கேள்வி.

நம் பாடப்புத்தகம் சொல்லும் பதில் தைமஸ் சுரப்பி. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுரப்பியில்தான் டி செல்கள் வளர்கின்றன. உடலின் சொந்தப் பொருளைத் தாக்கக்கூடிய செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால் இந்த வடிகட்டலில் சில தப்பி வெளியே வந்துவிடும். அவற்றை என்ன செய்வது?

1969-ல் ஜப்பானைச் சேர்ந்த நிஷிசுகா, சகாகுரா இருவரும் பிறந்து மூன்றே நாளான எலிகளின் தைமஸை அகற்றினார்கள். தைமஸ் போனால் எதிர்ப்பு சக்தி குறையும் என்றுதானே நினைப்போம்? அந்தப் பெண் எலிகளுக்கோ கருப்பையே அருகிலுள்ள சினைப்பைகள் அழிந்துபோயின. ஏழாம் நாள் அகற்றினால் ஒன்றும் ஆகவில்லை.

அதே சமயத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கெர்ஷன், டி செல்கள் தாக்குதலுக்கு உதவுவதோடு அதை அடக்கவும் செய்கின்றன என்று எழுதினார். 'அடக்கும் டி செல்' 1970களில் பெரிய அலையாகவே எழுந்தது. இந்தச் செல்களுக்கு அடையாளமாக 'ஐ-ஜே' என்ற மரபணுவையும் சொன்னார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்த மரபணு இருப்பதாகச் சொன்ன டிஎன்ஏ பகுதியை ஆராய்ந்தபோது, அங்கே அப்படி ஒரு மரபணுவே இல்லை! அடையாளம் பொய் என்றதும், செல்லே பொய் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

விடாப்பிடியாக இருந்தவர் ஷிமோன் சகாகுச்சி. மூன்றாம் நாள் தைமஸ் அகற்றிய எலிகளுக்கு ஆரோக்கியமான எலியின் டி செல்களைக் கொடுத்தால் நோய் வரவில்லை என்று 1982-ல் காட்டினார். அப்படியென்றால் அந்தச் செல்களுக்குள் ஏதோ ஒரு வகை அடக்கும் வேலையைச் செய்கிறது! அது எந்த வகை என்று பிரித்தெடுக்க மேலும் 13 வருடம் ஆனது. 1995-ல், மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தைத் தாங்கிய டி செல்களே அவை என்று நிறுவினார். கெட்டுப்போன பழைய பெயர் போய், 'ஒழுங்குபடுத்தும் டி செல்' என்ற பெயர் நிலைத்தது.

அடுத்த ஆதாரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தோல் செதில் செதிலாகி, சில வாரங்களிலேயே சாகும் ஒரு வகை ஆண் எலி 1940களிலிருந்தே அமெரிக்க ஆய்வகங்களில் இருந்தது. மேரி பிரன்கோவ், ஃப்ரெட் ராம்ஸ்டெல் குழுவினர் அதன் பழுதான மரபணுவை 2001-ல் கண்டுபிடித்தார்கள். பெயர் ஃபாக்ஸ்பி3. இதே மரபணு பழுதானால் ஆண் குழந்தைகளுக்கும் கடுமையான தன்னெதிர்ப்பு நோய் வரும் என்பதும் தெரிந்தது. ஒழுங்குபடுத்தும் டி செல்களை உருவாக்குவதே இந்த மரபணுதான் என்று 2003-ல் உறுதியானது. மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கிருமிகள் விஷயத்தில் இந்தச் செல்கள் செய்வது இன்னும் ஆச்சரியம். லீஷ்மேனியா ஒட்டுண்ணி தொற்றி ஆறிய எலியின் தோலில் கொஞ்சம் ஒட்டுண்ணி மிச்சமிருக்கும். அதை முழுதாக அழிக்கவிடாமல் தடுப்பவை இந்தச் செல்கள்தான் என்று 2002-ல் காட்டினார்கள். துரோகம் மாதிரி தெரிகிறதா? ஒட்டுண்ணி முழுதாக அழிந்த எலிகள், மறுமுறை தொற்று வந்தபோது தாக்குப்பிடிக்கும் சக்தியை இழந்திருந்தன. மிச்சம் வைத்திருந்த எலிகள் தப்பின.

ஆக, எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்பது பாதி உண்மைதான். எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருப்பதும் அந்தச் சக்தியில் சேர்த்திதான். ஐ-ஜே கதையிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது: விளக்கம் தவறு என்று நிரூபித்துவிட்டால், கண்ணால் கண்ட விளைவு இல்லையென்று ஆகிவிடாது. தைமஸ் இழந்த அந்த எலிகள் 1969-லிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.