எந்தச் சங்கம்?

காட்டுப்பள்ளிக் கரையின் மீனவர் மனு ஒன்றை ஆங்கிலமாக்கும்போது 'சங்கம்' என்ற சொல்லிலேயே முட்டிக்கொண்டேன். எந்தச் சங்கம்? தொழிற்சங்கச் சட்டப்படி யூனியன். 1975 பதிவுச் சட்டம், 1983 கூட்டுறவுச் சட்டம் இரண்டின்படியும் சொசைட்டி, ஆனால் வேறுவேறு. 'ஊர்ப் பஞ்சாயத்து' என்றாலோ, 1994 சட்டத்தின் ஊராட்சி என்றே அதிகாரி படிப்பார்.

பழவேற்காட்டு ஏரியில் யாருக்கு எந்த இடம் எனச் சீட்டுப்போட்டு முறைவைக்கும் 'பாடு' இவற்றுள் எதுவுமல்ல. சொசைட்டி என்றெழுதினால் பதிவெண் கேட்பார்கள். வழக்கம் என்றெழுதினால் உரிமை கரைந்துபோகும். 'பாடு' என்றே விட்டேன்.

அதற்காக அதைப் புனிதமாக்கவும் முடியாது. பெண்களுக்கும் இருளருக்கும் அதில் பங்கு கிடையாது. அவர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அந்த உழைப்பைப் பற்றி மனுவில் ஒரு சொல்கூட இல்லை. மொழிபெயர்க்க எனக்கு என்ன இருக்கு?