செத்தல் மிளகாயும் இறைமையும்

இறைமை எண்டதும் கொடியும் எல்லையும்தான் ஞாபகம் வரும். நாங்கள் இங்கே செத்தல் மிளகாயைப் பார்க்கிறோம்.

1970இல் வந்த சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது, வடக்கின் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர்களும் தோட்டம் செய்தார்கள். (தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் இதே அரசுதான், அதையும் மறக்கேலாது.)

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன வந்தார். ரூபாயின் பெறுமதி குறைந்தது, சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வந்தது, இறக்குமதிக் கதவு திறந்தது. வெளிநாட்டு மிளகாய் வந்திறங்க விலை விழுந்தது. கமம் செய்து பிழைக்கலாம் எண்ட நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

கதவைப் பூட்டியதும் திறந்ததும் கொழும்புதான். இரண்டு முறையும் வடக்கின் கமக்காரரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. நாணய நிதியத்திடம் பறிபோனதாகச் சொல்லும் இறைமையில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு இருந்தது?